தலைசுத்து மாத்திரையின் பூர்வீகம்

அம்மாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கட்டுரைக்கு அதுதான் ஆரம்பம்.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை. அவருடைய கையெழுத்தை எங்கள் வீட்டில் யாராலும் போலியாகப் போட முடியாது. சின்ன வயதில் ரேங்க் கார்டில் முயன்று மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கையெழுத்து இப்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகியிருந்தது. பெயரின் முதல் எழுத்து ஓரளவுக்குப் பெரிசா இருக்கும், போகப்போகச் சின்னதாகி, கடைசி எழுத்து ஒரு புள்ளி. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். "வயசாயிடுச்சுல்ல சார், புது மாதிரிக் கையெழுத்து ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க" என்று படிவம் கொடுத்தார். அம்மா நடுங்கிக்கொண்டே மூன்று இடத்தில் போட்டுக் கொடுத்தார். பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கை மட்டும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. நடக்கும்போது கை வீசவில்லை. முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது, அக்கா ஊரிலிருந்து வந்தவள், "அம்மாவுக்கு என் மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் வயசுக் கணக்கில் எழுதிவிட்டோம்.

நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனபோது அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒரு சுருள் வரையச் சொன்னார். பார்க்கின்சன் மாதிரி இருக்கிறது என்றார். மருந்து எழுதப் பேனாவை எடுத்தவர், நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "அம்மா வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? பட்டியல் வேணாம், வீட்ல இருக்கிற மருந்துப் பையை அப்படியே தூக்கிட்டு வாங்க."

பையில் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, கால்சியம், தைலம், பாதி தீர்ந்த இருமல் மருந்து. அதற்கடியில் ஒரு சின்ன அட்டை. அவர் அதை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். "இது எத்தனை நாளா?"

"அது தலைசுத்து மாத்திரை சார். மூணு வருஷமா இருக்கும்."

புரோகுளோர்பெரசின், 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தபோது ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. ஐந்து நாள் என்று சீட்டில் தெளிவாகவே இருந்தது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தது நான்தான். கொஞ்ச நாள் கழித்துச் சீட்டும் தேவைப்படவில்லை, "தலைசுத்து மாத்திரை ஒரு அட்டை" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். பார்க்கின்சனுக்கு மருந்து இப்போது வேண்டாம், நான்கைந்து மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். "இந்த மாத்திரை அடிப்படையில மனநோய்க்கான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது" என்றும் சொன்னார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா, வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, மூணு வருஷமா எனக்குப் பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரையாடா குடுத்தே?"

கை நடுங்கியது அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இந்தக் கேள்வி வலித்தது. என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வாந்தியை நிறுத்தும் மருந்தும் மனநோய்க்கான மருந்தும் எப்படி ஒரே குடும்பம் ஆனது?

கதை ஒரு சாயப் பட்டறையில் தொடங்குகிறது. 1876-ல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தயாரித்தார். துணிக்குப் போடும் நீலம். அதன் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்த ஆகஸ்ட் பெர்ந்த்சென் 1883-ல் அதன் எலும்புக்கூட்டைத் தனியே செய்து காட்டினார்: மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், நடு வளையத்தில் ஒரு கந்தகமும் ஒரு நைட்ரஜனும். பெயர் ஃபீனோதயசீன். ஐம்பது வருஷம் அது சும்மா கிடந்தது. 1930-களில் பூச்சிக்கொல்லியாகவும், ஆடு மாடுகளுக்குக் குடற்புழு மருந்தாகவும் வேலைக்கு வந்தது.

பிரான்சின் ரோன்-பூலான்க் நிறுவனம் 1940-களில் இந்த எலும்புக்கூட்டில் பக்கச் சங்கிலிகளை ஒட்டி ஒவ்வாமைக்கு மருந்து தேடியது. போல் ஷார்பாந்தியே என்ற வேதியியலாளரின் குழு அப்படிச் செய்ததில் ஒன்று புரோமெத்தசின். நம் ஊரில் சளிக்கும் அரிப்புக்கும் கொடுத்து, குழந்தை நாள் முழுக்கத் தூங்குமே, அந்த மருந்து. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு வேடத்தில் வரும்.)

அந்தத் தூக்கத்தில் ஒருவருக்கு ஆர்வம் வந்தது. ஆன்றி லபோரி, பிரெஞ்சுக் கடற்படை அறுவை மருத்துவர். துனீசியாவின் பிசெர்த் துறைமுகத்தில் இருந்தபோதே அறுவை அதிர்ச்சியில் நோயாளிகள் இறப்பதைப் பார்த்து நொந்தவர். உடல் அதிர்ச்சிக்கு எதிராகப் போராடுவதே உடலைக் கொல்கிறது, அந்தப் போராட்டத்தை மருந்தால் தணித்தால் என்ன என்று யோசித்தார். புரோமெத்தசின் கொடுத்த நோயாளிகள் அமைதியாக, நடப்பதில் அக்கறையே இல்லாதவர்கள் மாதிரி இருந்தார்கள். இதைவிட மூளையில் அதிகமாக வேலை செய்யும் ஒன்று வேண்டும் என்றார். 1950 டிசம்பரில் ஷார்பாந்தியே மூலக்கூறில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தார். குளோர்புரோமசின் பிறந்தது.

ரோன்-பூலான்க்கின் ஆய்வகத்தில் சிமோன் கூர்வாசியே என்ற பெண் விஞ்ஞானி அதை விலங்குகளில் சோதித்தார். மணி அடித்தால் மின்சார அதிர்ச்சி வரப்போகிறது என்று தெரிந்து கயிற்றில் ஏறப் பழகிய எலிகள், இந்த மருந்து கொடுத்ததும் மணி அடித்தாலும் ஏறவில்லை. ஏற முடியாமல் இல்லை, ஏறத் தோன்றவில்லை. இந்த எலிகளைப் பற்றி எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அதே சோதனை வரிசையில் இருந்த நாய்களைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. என் அம்மாவின் கதைக்கு நாய்கள்தான் முக்கியம். அபோமார்ஃபின் என்ற மருந்தை நாய்க்குக் கொடுத்தால் கட்டாயம் வாந்தி எடுக்கும். குளோர்புரோமசின் முன்னால் கொடுத்த நாய்கள் எடுக்கவில்லை.

ஆக, இந்த மருந்து மனநோயாளியின் கையில் போய்ச் சேர்வதற்கு முன்பே வாந்தியை நிறுத்தும் என்பது அதன் ஜாதகத்தில் எழுதப்பட்டிருந்தது. எது முதல், எது பிறகு என்று பிரிக்க முடியாத இரட்டைப் பிள்ளைகள்.

மனித மனதில் என்ன செய்கிறது என்பதை முதலில் உணர்ந்து சொன்னவர்களில் ஒருவர் கொர்னேலியா குவார்த்தி, ஒரு மனநல மருத்துவர். 1951 நவம்பரில் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார். சாகப்போகிறோம் என்று தோன்றியதாகவும், பிறகு அதைப் பற்றிக்கூடக் கவலையில்லாத ஒரு விலகல் வந்ததாகவும் பதிவு செய்தார். எழுந்து கழிப்பறைக்குப் போனவர் மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. இன்றைக்கும் இந்த மருந்துகளைக் கொடுத்தால், குறிப்பாகப் பெரியவர்களுக்கு, சட்டென்று எழாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

1952 ஜனவரியில் பாரிஸின் வால்-த-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் கட்டுக்கடங்காத மனவெழுச்சியில் இருந்த ஒரு 24 வயது இளைஞருக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் சாந்த்-ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கே இருவரும் முறையாகப் பயன்படுத்தி எழுதினார்கள். விலங்குபோல் கட்டிவைக்கப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இதைச் சின்ன விஷயமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. மனநோய்க்கு என்று ஒரு மருந்து அதுவரை உண்மையில் இல்லை. இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் குறைகள் எதுவும் அதை மாற்றாது.

பிரான்சில் அதன் வணிகப் பெயர் லார்காக்டில், 'பரந்த செயல்' என்ற பொருளில். இத்தனை வேலை செய்கிறதே, எதற்கென்று விற்பது என்ற திண்டாட்டம் பெயரிலேயே தெரிகிறது. அமெரிக்க உரிமையை வாங்கிய ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனத்துக்கு ஆரம்பத்தில் பெரிய ஈர்ப்பாக இருந்ததே வாந்தி நிறுத்தும் குணம்தான். 1954-ல் அங்கே அனுமதி கிடைத்தது. இரண்டு வருஷத்தில், 1956-ல், வாந்திக்கு இன்னும் கூர்மையான தம்பி வந்தது: புரோகுளோர்பெரசின். அதே மூன்று வளையம், அதே குளோரின், பக்கச் சங்கிலியின் நுனியில் மட்டும் பிப்பரசின் என்ற ஒரு துண்டு. (பிப்பரசினும் தனியே ஒரு குடற்புழு மருந்து. தலைசுத்து மாத்திரையின் தாய்வழி, தந்தைவழி இரண்டுமே பூச்சி மருந்து. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.)

இந்தச் சின்ன மாற்றத்தில் தூக்கம் குறைந்தது, வாந்தியை நிறுத்தும் வலு கூடியது. கூடவே இன்னொன்றும் கூடியது.

1954-லேயே சுவிட்சர்லாந்தின் லோசானில் ஹன்ஸ் ஸ்டெக் என்ற மருத்துவர், குளோர்புரோமசின் எடுத்துக்கொள்ளும் நோயாளிகள் சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல விறைத்து, மெதுவாகி, நடுங்குகிறார்கள் என்று எழுதினார். நம் ஊர் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பின் என்ற மருந்திலும் அவர் இதையே பார்த்தார். மருந்து பிறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அதாவது என் அம்மாவின் கையெழுத்துக்கு என்ன நடந்தது என்பது எழுதிவைக்கப்பட்டு எழுபது வருஷம் ஆகிறது.

ஏன் அப்படி? இங்கேதான் நாய்களிடம் திரும்ப வேண்டும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாங், போரிசன் என்ற இருவர் 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் வாந்தியின் இருப்பிடத்தைத் தேடினார்கள். மூளையின் அடித்தண்டில், நான்காம் மூளையறையின் தரையில், கடுகளவு இடம் ஒன்று உண்டு. மூளையின் மற்ற பகுதிகளுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு காவல்சுவர் இருக்கிறது. இந்த இடத்தில் அந்தச் சுவர் இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்கும் பாட்டி மாதிரி, ரத்தத்தில் விஷம் ஏதும் வருகிறதா என்று பார்த்து, வந்தால் வாந்தி எடுக்கச் சொல்லும். அந்த இடத்தை அழித்துவிட்டால் அபோமார்ஃபின் கொடுத்தாலும் நாய் வாந்தி எடுப்பதில்லை.

அந்தப் பாட்டி எந்த மொழியில் பேசுகிறாள் என்பது பிறகு தெரிந்தது: டோபமின். ஸ்வீடனில் ஆர்வித் கார்ல்சன் 1957-ல், ரிசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபமினின் மூலப்பொருளான எல்-டோபாவைக் கொடுத்து எழுந்து ஓட வைத்தார். 1960-ல் வியன்னாவில் ஹோர்னிகியேவிச், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் அசைவைச் சீர்செய்யும் பகுதியில் டோபமின் வற்றிக் கிடப்பதைக் கண்டார். 1963-ல் கார்ல்சனும் லிண்ட்க்விஸ்டும், குளோர்புரோமசின் டோபமின் போன்றவற்றை வேலை செய்ய விடாமல் மறிக்கிறது என்று காட்டினார்கள்.

இப்போது அபோமார்ஃபினைத் திரும்பப் பாருங்கள். அது டோபமினைப் போல நடிக்கும் மருந்து. அதனால்தான் வாந்தி. 1951-ல், பாரிஸில் குளோர்புரோமசின் சோதனைக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருஷம், அமெரிக்காவில் ராபர்ட் ஷ்வாப் என்பவர் அபோமார்ஃபின் ஊசி பார்க்கின்சன் நோயாளிகளின் விறைப்பைத் தளர்த்துகிறது என்று பதிவு செய்தார். இன்றைக்கும் முற்றிய பார்க்கின்சனுக்கு அது மருந்து. ஒன்று வாந்தியை வரவழைத்து விறைப்பை நீக்குகிறது. இன்னொன்று வாந்தியை நிறுத்தி விறைப்பை வரவழைக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற ஆளும் பிம்பமும். இதைப் படித்த இரவில் எனக்கு அம்மாவின் கேள்விக்கான பதில் கிடைத்த மாதிரி இருந்தது. மாத்திரைக்குப் பைத்தியம், வாந்தி, தலைசுற்று என்றெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு பூட்டு. அந்தப் பூட்டு மூளையில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்காரும்.

உட்காரும் இடத்தையும் காலத்தையும் பொறுத்துத் தொல்லை மாறும். முதல் ஊசியிலேயே, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே சொருகி நிற்கும், நாக்கு தள்ளும். பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளவயதுக்காரர்களுக்கும் வரும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்பார்கள், ரணஜன்னி என்பார்கள், பெண்ணாக இருந்தால் நடிக்கிறாள் என்பார்கள், ஊர்ப்பக்கம் வேப்பிலைக்கும் ஆள் அனுப்புவார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு, அல்லது 9 கிலோவுக்குக் குறைந்த எடைக்கு, இந்த மருந்து கூடவே கூடாது என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஒரு ஊசியில் நிமிஷக் கணக்கில் சரியாகும். நம் மருத்துவமனைகளில் அதற்குப் பெரும்பாலும் போடுகிற ஊசி எது தெரியுமா? புரோமெத்தசின். அதே குடும்பத்தின் மூத்த பிள்ளை. அது அசிட்டைல்கோலின் என்ற வேறொரு பொருளை அடக்குவதால், கவிழ்ந்த தராசு சமமாகிறது. தம்பி கழுத்தைத் திருகினால் அண்ணன் வந்து நிமிர்த்துகிறான்.

இன்னொன்று, உட்கார முடியாத தவிப்பு. வெளியே பார்த்தால் ஒன்றும் இல்லை, உள்ளே எழுந்து ஓடு ஓடு என்றிருக்கும். செக் நாட்டு மருத்துவர் ஹஷ்கோவெட்ஸ் இந்த மருந்துகள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1901 வாக்கில், இப்படி ஒரு நிலைக்கு அகத்திசியா என்று பெயர் வைத்திருந்தார். ஊசி போட்டுக்கொண்டவர் கட்டிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தால், அவருடைய குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

வாரங்கள், மாதங்கள் தொடர்ந்தால் அம்மாவுக்கு வந்தது வரும். இன்னும் நீண்டால் வாயும் நாக்கும் தானே மென்றுகொண்டிருக்கும் அசைவு. 1957-ல் ஜெர்மனியில் ஷோனெக்கர் அதை முதலில் எழுதினார். அது மருந்தை நிறுத்தினாலும் போகாமல் நின்றுவிடலாம்.

மூப்பியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு கட்டுரை உண்டு. 1984-ல் லான்செட் இதழில் ஸ்டீபன், வில்லியம்சன் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதியது. முதியோர் மருத்துவத் துறைக்குப் புதிதாகப் பார்க்கின்சன் அறிகுறிகளோடு வந்த 95 பேரைப் பார்த்தார்கள். அதில் 48 பேருக்கு, அதாவது பாதிக்கு மேல், காரணம் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து. அதிகமாக மாட்டிய மருந்து புரோகுளோர்பெரசின். மனநோய்க்காக இல்லை, தலைசுற்றல், கிறுகிறுப்பு மாதிரியான தொல்லைகளுக்காகக் கொடுத்தது. என் அம்மாவையே பார்த்து எழுதின மாதிரி இருந்தது. நான் அப்போது ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

தெரிந்த விஷயம் ஏன் தெரியாமல் போகிறது? என் ஊகம் பெயரில் இருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவர் இதே குடும்பத்து மருந்தை எழுதினால் வாராவாரம் கை நடுங்குகிறதா, நடை மாறியதா என்று பார்ப்பார். அவருக்கு இது என்ன மருந்து என்று தெரியும். அதுவே தலைசுத்து மாத்திரை என்ற பெயரில் வீட்டுக்குள் வந்துவிட்டால் தைலத்தோடும் ஜெலுசிலோடும் சேர்ந்துவிடுகிறது. சொல்லப்போனால் அம்மா "பைத்தியத்துக்கான மாத்திரையா" என்று கேட்டு அதிர்ந்தாரே, அந்த அதிர்ச்சி மூன்று வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் நல்லது. அந்தச் சொல்லின் மேல் நமக்கிருக்கும் கூச்சம்தான், மருந்தின் சொந்த ஊரை யாரும் நம்மிடம் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

மருத்துவர் பார்க்கின்சன் மருந்தை உடனே எழுதாமல் பேனாவை நிறுத்தியதற்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதும் படித்தபோதுதான் புரிந்தது. மெட்டோகுளோப்ரமைடு என்று இன்னொரு வாந்தி மருந்து. வேறு குடும்பம், ஆனால் அதே டோபமின் பூட்டு. அமெரிக்காவில் 1995-ல் வந்த ஆய்வு ஒன்றில், அதை எடுத்துக்கொண்ட முதியவர்களுக்குப் பிறகு பார்க்கின்சன் மருந்து ஆரம்பிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. ஒரு மருந்தின் தொல்லையை நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து. அந்த இன்னொரு மருந்தான எல்-டோபா வாந்தியை வரவழைக்கும். வாந்திக்கு மறுபடி? சுற்றிச் சுற்றி அதே கிணறு.

அதற்காக மாத்திரையைத் திட்டிவிட்டுப் போக முடியாது. ஒற்றைத் தலைவலியில் துடித்து அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு நரம்பில் போடும் புரோகுளோர்பெரசின், வாந்தியோடு வலியையும் நிறுத்துகிறது என்று 1989-லேயே முறையான சோதனை வந்துவிட்டது. இன்றும் அமெரிக்க அவசரப் பிரிவுகளில் அபின் வகை ஊசிகளைவிட அதையே விரும்புகிறார்கள். அறுவைக்குப் பிறகான வாந்திக்கும் பயன்படுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் கணக்கு. நான் பேசுவது மூன்று வருஷக் கணக்கைப் பற்றி.

இந்தப் பூட்டைத் தொடாமலோ, சுவருக்கு வெளியே மட்டும் தொட்டோ வாந்தியை நிறுத்த முயன்ற கதை தனிக் கட்டுரைக்கு உரியது. பெல்ஜியத்தில் போல் யான்சனின் ஆய்வகம் டோம்பெரிடோன் செய்தது. அது மூளைக்குள் அதிகம் நுழையாது, வாசல் பாட்டியோடு நின்றுவிடும். பார்க்கின்சன் நோயாளிக்குக்கூடக் கொடுக்கலாம். ஆனால் இதயத் துடிப்பில் கை வைக்கிறது என்று 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் அளவையும் நாட்களையும் குறைத்தது. அதே ஆய்வகத்தின் டிரோபெரிடால் மயக்க மருத்துவர்களுக்கு முப்பது வருஷம் கைகொடுத்தது; 2001-ல் இதயத் துடிப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அதற்குக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தபோது, இவ்வளவு சின்ன அளவுக்கு இது நியாயமா என்று அவர்கள் சண்டைக்கே போனார்கள். 1991-ல் வந்த ஒண்டான்செட்ரான் செரட்டோனின் பக்கம் போய்த் தப்பித்தது. அதனால் தலைசுற்றலுக்குப் பெரிய உபயோகம் இல்லை.

தலைசுற்றல். கடைசியில் அதற்குத்தானே வந்தோம். காதின் உள்ளே சமநிலை பார்க்கும் உறுப்பு கெட்டால், முதல் இரண்டு மூன்று நாள் உலகமே சுழலும்போது இந்த மாத்திரை உண்மையில் உதவி. அதற்குப் பிறகு மூளை தானே கற்றுக்கொண்டு சரிக்கட்ட வேண்டும். மாத்திரை அந்தக் கற்றலையும் சேர்த்து மந்தப்படுத்துகிறது. அம்மாவுக்கு இருந்ததோ இன்னும் எளிய விஷயம். படுக்கையில் திரும்பினால் சுற்றும், அரை நிமிஷத்தில் நிற்கும். உள்காதில் சுண்ணத் துகள்கள் இடம் மாறிப் போய் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுவது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் இருவரும் எழுதியது 1952-ல், குளோர்புரோமசின் மனநோய்க்கு வந்த அதே வருஷம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகளை வெளியே உருட்டிவிடும் முறையை ஜான் எப்ளி 1992-ல் பிரசுரித்தார். மாத்திரையே வேண்டாம். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருவர் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையைப் பிடித்து ஒரு பக்கம், மறுபக்கம் என்று திருப்பி உட்கார வைத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "இவ்வளவுதானா?" என்று அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

யாராவது இதைப் படித்துவிட்டு வீட்டில் மனநோய்க்காக இந்தக் குடும்பத்து மருந்து சாப்பிடுகிறவரின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு, அதைப் பார்க்கத் தனி மருத்துவர் இருக்கிறார். அடியில் கிடக்கும் சின்ன அட்டையை மட்டும் எடுத்துப் பெயரைப் படியுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்தை நிறுத்தி முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் அம்மா நாற்காலியிலிருந்து ஒரே மூச்சில் எழுந்ததை அக்காதான் கவனித்தாள். ஐந்தாம் மாதம் நடுக்கம் ஏறக்குறைய போய்விட்டது. எல்லோருக்கும் இப்படிப் போவதில்லை. சிலருக்கு மருந்து உள்ளே ஒளிந்திருந்த உண்மையான பார்க்கின்சனை வெளியே இழுத்துவிட்டிருக்கும், அது நின்றுவிடும். அதனால் இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த மாத்திரை பைத்தியத்துக்கு மட்டும் இல்லம்மா, வாந்திக்கும் சேத்துத்தான் பொறந்தது" என்று ஒரு நாள் கதை முழுக்கச் சொன்னேன். எலி, நாய் எல்லாம் கேட்டார். "அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பணம் எடுக்க வங்கிக்குப் போனோம். அம்மா சீட்டில் தன் பழைய கையெழுத்தை, அந்தப் பெரிய, வளைந்த, ஆசிரியைக் கையெழுத்தை, அழகாகப் போட்டு நீட்டினார். கவுண்டரில் வேறு ஒருவர். கணினியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். மாதிரியில் இருப்பது எறும்பு ஊர்ந்த கையெழுத்து. அதோடு இது ஒத்துப்போகவில்லையாம். புதுப் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.